ஒலிக்கலவைப் பெட்டி வந்த வழி



தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், மறுநாள் விடியுமுன்னே கூம்பு ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். பெரட்டுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் போவார்கள். அந்த ஒலிபெருக்கியை நாம் எல்லாரும் அறிவோம். எந்த மரத்தில் அதைக் கட்டுவார்கள் என்பது சிறுபிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் கோயில் மண்டபத்தின் மூலையில், மழைச்சாரல் படாமல் துணி போட்டு மூடிய பெட்டி ஒன்று இருக்கும். அதன் முகத்தில் வரிசை வரிசையாகத் திருகுகள் இருக்கும். பாடுகிறவர் குரல், பேசுகிறவர் குரல், ஆர்மோனியம், தபேலா எல்லாம் தனித்தனிக் கம்பி வழியாக அதற்குள் போய், ஒன்றாகக் கலந்து, ஒலிபெருக்கிக்கு வந்து சேரும். அதைத்தான் மிக்சர் என்கிறார்கள். இந்தப் பேச்சில் நாம் அதை ஒலிக்கலவைப் பெட்டி என்று சொல்வோம். வகுப்பில் ஒருநாள் மிக்சர் என்று சொன்னதும், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், "கடலை போட்டதா, ஐயா?" என்று கேட்டுவிட்டான். அன்று முதல் தமிழ்ப் பெயரே நமக்குப் பாதுகாப்பாக இருக்கிறது.

இந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. பெட்டி வாங்கப் போகிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்கலாம். கோயில் குழுவினரோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரோ பத்து வெள்ளி, இருபது வெள்ளியாக வீடு வீடாய்த் தண்டிய பணத்தை எடுத்துக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போய், விளக்கு அதிகமாக எரிகிற பெட்டியை வாங்கிக்கொண்டு வருவதை நாம் கண்டிருக்கிறோம். நாமே அப்படி வாங்கியும் இருக்கிறோம். அதனால் எங்களுக்கு நேர்ந்த இழப்பைப் பிறகு சொல்கிறோம். பெட்டியிலுள்ள ஒவ்வொரு திருகும் யாரோ ஒருவர் பட்ட தொல்லையால் வந்தது. அந்தத் தொல்லை இன்னதென்று தெரிந்தால், நமக்கு எந்தத் திருகு வேண்டும், எது வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

1902-ஆம் ஆண்டில் பிரட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் நிறுவனத்துக்காக இலண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் பாட்டை இசைத்தட்டில் பதிந்தார். அந்தப் பயணத்திலேயே 1903-இல் சிங்கப்பூருக்கும் வந்து பதிவுகள் செய்தார். அக்காலத்து ஒலிப்பதிவில் மின்சாரம் கிடையாது. ஒலிவாங்கி என்ற பொருளே அங்கில்லை. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பாடகி அதற்குள் முகத்தை வைத்துப் பாடவேண்டும். குரலின் அதிர்வே ஊசியை ஆட்டும். ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். அந்தக் கோடுதான் பாட்டு.

அப்படியானால் குரலுக்கும் பக்கவாத்தியத்துக்கும் அளவு பார்த்தது எப்படி? நிற்கிற இடத்தால்தான். ஓங்கி ஒலிக்கும் வாத்தியம் பின்னால் தள்ளி நிற்கும். மெல்ல ஒலிப்பது கூம்பை ஒட்டி வரும். பாடகர் உச்சத்தில் பாடும்போது தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். வயலின் ஒலி போதவில்லை என்பதற்காக, அதன் மரப்பெட்டியை எடுத்துவிட்டு ஒரு கூம்பைப் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்ற கருவியே உண்டாயிற்று. அறையின் தரைதான் அன்றைய கலவைப் பெட்டி. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எவ்வளவு விலையுயர்ந்த பெட்டி வாங்கினாலும், யாரை எங்கே நிறுத்துவது என்ற வேலை இன்றும் நம்மைவிட்டுப் போகவில்லை.

பிறகு மின்சாரம் வந்தது. 1919 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், சான் டியேகோ நகரத்து விளையாட்டரங்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேச, சுமார் 50,000 பேர் அவர் குரலை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்கள். 1925-ஆம் ஆண்டில் இசைத்தட்டு நிறுவனங்களும் கூம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒலிவாங்கிக்கு மாறின. ஒலிவாங்கி ஒன்றாக இருக்கும்வரை தொல்லையில்லை. இரண்டு, மூன்று என்று ஆனபோதுதான், ஒவ்வொன்றையும் தனியே கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க ஓர் இடம் என்று இந்தப் பெட்டி பிறந்தது. வானொலி நிலையங்களிலும் பேசும் படக் கொட்டகைகளிலும் அது வளர்ந்தது.

இங்கே ஒரு சிறு கணக்குச் சொல்லவேண்டும். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்சாரம் மிகமிகச் சிறியது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். கைவிளக்குக்குப் போடும் ஒரு பாட்டரியே ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிறு மின்சாரத்தை இரைச்சல் சேராமல் ஆயிரம் மடங்கு பெருக்குவது பெட்டியின் முதல் வேலை. இதைச் செய்யும் உறுப்பை முன்பெருக்கி என்போம். பெட்டியின் நல்லது கெட்டது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கடையில் மின்னுகிற விளக்குகளில் அது தெரியாது.

தொடக்கத்தில் எல்லாமே சுழற்றுகிற திருகுகளாக இருந்தன. ஒரு கையால் ஒன்று, மிஞ்சினால் இரண்டுதான் திருக முடியும். நியூயார்க்கில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் டாம் டவுட் என்ற பொறியாளர் இருந்தார். இளவயதில் அணுகுண்டு ஆராய்ச்சியில் வேலை செய்துவிட்டு, அதைவிட்டுப் பாட்டுப் பதிவுக்கு வந்த மனிதர். நல்ல மாற்றம் என்றே நாம் சொல்வோம். 1958-இல் அவருடைய கூடத்துக்கு எட்டுத் தடங்கள் கொண்ட நாடாப் பொறி வந்தது. எட்டு ஒலிகளையும் ஒரே நேரத்தில் கையாளவேண்டுமே! அவர் உருண்டைத் திருகுகளை விட்டுவிட்டு, மேலும் கீழும் தள்ளுகிற தள்ளுகோல்களை வைத்தார். ஒரு விரலுக்கு ஒரு கோல். ஆர்மோனியக் கட்டைகளில் விரல் ஓடுவதுபோல் பத்து விரலாலும் கலக்கலாம். இன்று எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் கீழ்வரிசையில் இருக்கும் தள்ளுகோல் அவரால் பரவியதுதான்.

தடம் என்று சொன்னோமே, அது என்ன? இந்தப் பேச்சின் உயிரே அதுதான். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு அதை விளக்குவது எளிது. வெட்டி முடித்துப் பாலை எடுத்துக்கொண்டு நிறுக்கும் இடத்துக்குப் போகிறோம். வாளியில் இருக்கும்வரை அது அவரவர் பால். கெட்டியா, தண்ணீர் கலந்ததா, எத்தனை கிலோ என்று தனித்தனியே பார்க்கலாம். தொட்டியில் ஊற்றிவிட்டால் முடிந்தது. இன்னாருடைய பால் என்று பிரித்தெடுக்க ஆண்டவனாலும் ஆகாது. ஒலியும் அப்படித்தான். ஒவ்வொரு குரலையும் தனித் தடத்தில் பதிந்தால் அது வாளி. எல்லாவற்றையும் கலந்து பதிந்தால் அது தொட்டி.

பழைய சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுகள் தொட்டி முறைதான். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாய் இருந்து பாடி வாசிப்பார்கள். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்தப் பாட்டுகளில் ஒரு கட்டுக்கோப்பு இருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

இலண்டனில் அபே சாலை ஒலிப்பதிவுக்கூடம் 1931-இல் திறக்கப்பட்டது. அங்கே ஈ.எம்.ஐ. நிறுவனத்தார் தங்கள் சொந்தப் பட்டறையிலேயே ரெட் என்ற வரிசைப் பெட்டிகளைச் செய்தார்கள். கண்ணாடி வால்வுகள் வைத்தவை. பீட்டில்ஸ் குழுவினர் 1960-களில் பாடிய பாட்டுகளில் பெரும்பாலானவை அவற்றின் வழியாகத்தான் போயின. 1967-இல் உலகமே பேசிய அவர்களுடைய 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டு வெறும் நான்கு தடப் பொறிகளில் செய்யப்பட்டது. இன்று ஓர் இடைநிலைப்பள்ளி மாணவனின் கணினியில் அதைவிடப் பல மடங்கு தடங்கள் உண்டு.

ஆனால் அதே குழுவினர் மேடையில் பட்ட பாடு வேறு. 1965 ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கு மேற்பட்ட மக்கள் கூடினார்கள். பாட்டுக்குரல், பந்தாட்ட அறிவிப்புக்காக வைத்திருந்த அரங்கத்து ஒலிபெருக்கிகளில்தான் போயிற்று. மக்கள் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பாடுகிறவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் உலகத்திலேயே சிறந்த பெட்டி, மேடையில் ஒன்றுமில்லை! அடுத்த ஆண்டோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் சொல்லித்தர மாட்டார். பதிவுக்கூடத்தில் இன்று பாடி, நாளை கலந்து, மறுநாள் மனம் மாறித் திருத்தலாம். மேடையில் அப்படியில்லை. கை தள்ளுகோலில் இருக்கும் அந்த நொடியே எல்லாம். அங்கே பாடுகிறவருக்கு அவர் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் தனிக் கலவை ஒன்றும் வேண்டும். ஷே அரங்கத்தில் இல்லாமற்போனது அதுதான். பெட்டியில் ஆக்ஸ் என்று எழுதிய திருகு வரிசை இருக்கும். மக்களுக்குப் போவது ஒரு கலவை, மேடையில் பாடகர் காலடியில் வைத்த ஒலிபெருக்கிக்குப் போவது இன்னொரு கலவை என்று பிரிப்பது அந்த வரிசைதான்.

மேடைக்கென்று நல்ல சாதனம் இல்லாத குறையைத் தீர்த்தவர்கள் பெரும்பாலும் கைவேலைக்காரர்கள். இங்கிலாந்தில் சார்லி வாட்கின்ஸ் என்பவர் 1967-ஆம் ஆண்டு வின்ட்சர் விழாவில் 1,000 வாட் ஒலியமைப்பை வைத்தபோது மக்கள் வியந்தார்கள். 1969-இல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் என்ற திறந்தவெளி விழாவில் 400,000-க்கு மேற்பட்டோர் கூடியபோது, பில் ஹான்லி என்பவர் கோபுரம் கட்டி ஒலிபெருக்கிகளை ஏற்றினார். 1973-இல், லெட் செப்பலின் குழுவுக்கு ஒலி பார்த்துவந்த பில் டட்ரிட்ஜ் என்பவர் கிரகாம் பிளைத் என்பவரோடு சேர்ந்து சவுண்ட்கிராப்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கலவைப் பெட்டியைப் பயணப் பெட்டிக்குள்ளேயே அமைத்து, மூடியைத் திறந்தால் வேலைக்குத் தயார் என்று விற்றார்கள். லாரியில் குலுங்கிக் குலுங்கிப் போகிற சாமான் உடையாமல் ஊர் சேரவேண்டும் என்ற தொல்லையை அவர்கள் நேரில் கண்டவர்கள் அல்லவா!

ரூபர்ட் நீவ் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். 1926-இல் இங்கிலாந்தில் பிறந்து, அர்ஜென்டினா நாட்டில் வளர்ந்தவர். பதின்மூன்று வயதிலேயே வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து விற்றவர். போர்க்காலத்தில் படையில் சேர்ந்து செய்தித் தொடர்புப் பிரிவில் வேலை செய்தார். போர் முடிந்ததும், அமெரிக்கப் படையார் விட்டுப்போன பழைய ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றை வாங்கி, அதற்குள் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பாட்டுக் குழுக்களையும் கூட்டங்களையும் பதிந்தார். 1964-இல் இலண்டன் பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வால்வு இல்லாமல் டிரான்சிஸ்டர்களால் ஆன கலவைப் பெட்டியைச் செய்தார். அதன்பின் அவர் செய்த பெட்டிகளின் முன்பெருக்கிகளை இன்றும் ஒலிப்பதிவாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். ஐம்பது ஆண்டுகளான பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு வழியாகக் கழற்றிக்கூட விற்கிறார்கள். 2021-இல் தமது 94-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் செய்தவை ஏன் இத்தனை காலம் உழைக்கின்றன? உள்ளே ஒவ்வொரு வழியும் தனித்தனிப் பலகையாக இருந்தது. பழுதானால் அதை மட்டும் உருவித் திருத்தலாம். பெட்டி வாங்குமுன் "இது பழுதானால் யார் திருத்துவார்?" என்று கேட்கிற பழக்கம் நமக்கு வரவேண்டும். விலையைக் கேட்கிற அளவுக்கு இதை நாம் கேட்பதில்லை.

பின்னர் ஜப்பானியர் வந்தார்கள். யாமகா என்ற பெயர் நம் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிளாகத்தான் தெரியும். ஆனால் அந்த நிறுவனத்தின் தொடக்கம், 1887-இல் ஹமமட்சு என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழுதான காற்றிசைப்பெட்டியை டோரகுசு யாமகா என்பவர் சரிசெய்ததில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பழைய சாமானை யாரும் இலேசாக நினைக்கவேண்டாம்! அந்த நிறுவனம் 1987-இல் எண்முறையில் இயங்கும் சிறு பெட்டியையும், 1995-இல் 02ஆர் என்ற பெட்டியையும் கொண்டுவந்தது. எண்முறை என்றால், ஒலியை எண்களாக மாற்றிக் கணினிபோல் கூட்டிக் கழித்துக் கலப்பது. இதனால் ஒரு பெரிய வசதி வந்தது. நேற்று வைத்த அளவுகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் அப்படியே திரும்பக் கொண்டுவரும். 2012-இல் பெரிங்கர் நிறுவனத்தின் எக்ஸ்32 வந்தபோது, 32 ஒலிவாங்கிகளைக் கையாளும் எண்முறைப் பெட்டி சிறிய மண்டபங்களின் கைக்கும் எட்டியது. சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் தம் வீட்டுக் கொல்லையில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் அமைத்ததை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பெரிய நிறுவனத்தின் சொத்தாக இருந்த கூடம், வீட்டுக்குள் வரத் தொடங்கிய காலம் அது.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியைச் சுற்றியிருந்த தோட்டம் கைமாறிற்று. லயங்களை இடிக்கப்போகிறார்கள், குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போகின்றன என்று முடிவாயிற்று. அங்கே பால்மரக் காலத்துப் பாட்டுகள் தெரிந்த பாட்டியார் ஒருவர் இருந்தார். தாலாட்டு, கும்மி, மரம் வெட்டப் போகும்போது பாடுவது, கங்காணியைக் கேலி செய்வது என்று எத்தனையோ. எதுவும் எழுத்தில் இல்லை. எல்லாரும் பிரிந்து போகுமுன் அவற்றைப் பதிந்துவிடுவோம் என்று ஆசிரியர்கள் நாங்கள் முடிவு செய்தோம். பெற்றோரிடம் பணம் தண்டி, பட்டணத்துக் கடையில் ஒரு கலவைப் பெட்டி வாங்கினோம். அட்டையில் பன்னிரண்டு வழி என்று போட்டிருந்தது. கணினியில் இணைத்துப் பதியலாம் என்றும் போட்டிருந்தது. விளக்குகள் நன்றாக எரிந்தன.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால், ஒலிவாங்கி செருகும் மூன்று துளை வாய்கள் நான்குதான். மீதி எட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்த, பாட்டுப்பெட்டி செருகும் வாய்கள். பொய்யில்லை, கூட்டினால் பன்னிரண்டுதான். ஆனால் பாடுகிறவர்கள் நான்கு பேருக்குமேல் இடமில்லை. போகட்டும், நான்கு போதும் என்று தொடங்கினோம்.

அந்த மாலை எல்லாரும் வந்துவிட்டார்கள். பாட்டியார் நடுவில். அவருக்குப் பதில் பாட்டுப் பாட இரண்டு மூதாட்டியர். கும்மி தொடங்கியதும் நம் இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? உறுமியும் தப்பும் வந்துவிட்டன. தடுக்க மனம் வரவில்லை. மண்டபத்தில் கேட்கும்போது அத்தனை நன்றாக இருந்தது. பாட்டியார் இருபது பாட்டுக்குமேல் பாடினார்.

மறுநாள் கணினியில் போட்டுக் கேட்டோம். உறுமி கேட்டது. தப்பு கேட்டது. பாட்டியார் எங்கோ அடுத்த டிவிஷனிலிருந்து பாடுவதுபோல் இருந்தது. அவர் குரலைத் தனியே கூட்டலாம் என்று தேடினால், பதிவில் இரண்டே தடங்கள். எல்லாம் கலந்தே வந்திருந்தது. கணினியில் இணைக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தது மெய்தான். ஆனால் அந்தப் பெட்டி வாளிகளை அனுப்பவில்லை, தொட்டியைத்தான் அனுப்பியிருக்கிறது. பட்டணத்தில் ஒலிப்பதிவு செய்யும் தம்பி ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சாம்பார்ல போட்ட உப்ப எடுத்துக் குடுங்கன்னு கேக்குறீங்களே, சார்" என்றார். பாட்டியாருக்கும் போட்டுக் காட்டினோம். காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்டுவிட்டு, "என்ன வாத்தியாரே, என் குரலக் காணோமே" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் தலை நிமிரவில்லை.

பெட்டியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கௌஹர் ஜான் காலத்திலேயே தெரிந்த பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. உறுமியை மண்டபத்தின் கடைசிக்கு அனுப்பியிருக்கவேண்டும். பாட்டியாரின் ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், உறுமிக்கு முதுகு காட்டி வைத்திருக்கவேண்டும். ஒலிவாங்கிக்குள் உறுமி நுழைந்துவிட்டால் தனித்தடம் இருந்தும் முழுப் பயனில்லை.

ஆகவே, இப்போது யாராவது எங்களிடம் யோசனை கேட்டால், முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்கிறோம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடுவார்கள், எத்தனை வாத்தியத்துக்கு ஒலிவாங்கி வேண்டும் என்று. தோட்டக் கோயில் என்றால் தவிலுக்கும் உறுமிக்கும் ஒலிவாங்கியே தேவையில்லை. அவை தாமே ஊரைக் கூட்டும். குரலுக்கு மூன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, தபேலாவுக்கு இரண்டு என்று ஆறு வரும். இரண்டு மிகையாக எட்டு வைத்துக்கொள்ளலாம். எட்டு ஒலிவாங்கி வாய்கள் வேண்டும். எட்டு வழி என்ற அச்செழுத்து போதாது. கடையிலேயே விரலால் தொட்டு எண்ணவேண்டும்.

அந்த வாய் மூன்று ஊசிச் செருகியை ஏற்பதாக இருக்கவேண்டும். அந்தக் கம்பிக்குள் ஒரே ஒலி இரண்டு இழைகளில் ஒன்றுக்கொன்று எதிராகப் போகிறது. வழியில் மின்விளக்கின் இரைச்சல் புகுந்தால் இரண்டிலும் ஒரேமாதிரி புகும். பெட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் மறைந்து, ஒலி மட்டும் நிற்கும். மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கம்பி இழுக்க இதுதான் ஏற்றது. 48 வோல்ட் என்று எழுதிய பொத்தானும் இருப்பது நல்லது. மென்மையான ஓசையையும் பிடிக்கும் கண்டென்சர் ஒலிவாங்கிக்கு அந்த மின்சாரம் இல்லாவிட்டால் உயிர் வராது.

பெட்டி பெரிதானால் ஒலி பெரிதாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆகாது. ஒலியைப் பெருக்கி ஊருக்குக் கேட்கவைப்பது ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியும். இரண்டையும் ஒன்றாக்கி ஆம்ப்ளிபயர் உள்ளேயே வைத்த கலவைப் பெட்டிகளும் உண்டு. தூக்கிப்போக வசதிதான். ஆனால் திருவிழா இரவில் ஆம்ப்ளிபயர் புகைந்தால் கலவையும் சேர்ந்து போய்விடும். மழையும் பூச்சியும் நிறைந்த நம் இடங்களுக்குத் தனித்தனியாக வாங்குவதையே நாம் விரும்புகிறோம்.

கூட்டத்தில் திடீரென்று "கூ..." என்று ஊளையிடுமே, அதற்குப் பெட்டியைத் திட்டுவார்கள். ஒலிபெருக்கியின் ஓசை திரும்ப ஒலிவாங்கிக்குள் புகுந்து, மறுபடி பெருகி, மறுபடி புகுவதால் வருவது அது. ஒலிபெருக்கியைப் பேசுகிறவருக்கு முன்னால் தள்ளி வைத்தாலே பாதி தீரும். நம் தலைவர்கள் மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பேசுவதை நிறுத்தினால் மீதியும் தீரும்.

எண்முறையா, பழைய முறையா என்றால், அதை யார் கையாளப்போகிறார் என்பதைப் பார்க்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை வேறு வேறு ஆள் வந்து நிற்கிற கோயிலுக்கு, கண்ணுக்கு எதிரே ஒரு வேலைக்கு ஒரு திருகு உள்ள பழைய முறையே நல்லது. திரைக்குள் மறைந்திருக்கும் பொத்தானை இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பழகிய இளைஞர் இருவர் நிலையாக இருக்கிற இடமானால் எண்முறைப் பெட்டி நன்றாக உழைக்கும். பதிவு செய்யவேண்டும் என்றால், ஒவ்வொரு வழியும் தனித்தனியே கணினிக்குப் போகுமா என்று இதே சொற்களில் கேட்கவேண்டும். "பதியலாம்" என்ற பதிலோடு திரும்பிவிடாமல், செய்து காட்டச் சொல்லவேண்டும்.

எங்கள் முதல் பெட்டியை நாங்கள் எறிந்துவிடவில்லை. காலைக் கூட்டத்தில் பள்ளித் தலைமையாசிரியர் பேசுவதற்கு அது போதும். மறுபடி பணம் சேர்த்து வேறொன்றை வாங்கினோம். அதற்குள் பாட்டியார் மகன் வீட்டுக்கு, ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டார். கருவிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். குரல் இம்முறை கண்ணாடிபோல் விழுந்தது. ஆனால் பாட்டுகள் வரவில்லை. தாலாட்டு வந்தது. கும்மியும் கேலிப்பாட்டும் பாதியில் நின்றுவிட்டன. "அவளுங்க எதிர்ப்பாட்டு எடுத்தாத்தான் எனக்கு அடுத்த அடி வரும், வாத்தியாரே" என்றார். அந்த இரண்டு மூதாட்டியரில் ஒருவர் ஜொகூருக்குப் போயிருந்தார், மற்றவர் இறந்துவிட்டார்.

2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் புதிய பாட்டு ஒன்று வெளிவந்தது. ஜான் லெனன் 1980-இல் இறந்துபோனவர். அவர் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே சாதாரண ஒலிநாடாவில் பாடிவைத்தது அது. 1995-இல் மற்றவர்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பியானோ ஓசைக்குள் குரல் அமிழ்ந்து கிடப்பதாலும் இரைச்சலாலும் விட்டுவிட்டார்கள். பின்னர் கணினிக்குக் குரல் இது, வாத்தியம் இது என்று பழக்கி, குரலைத் தனியே பிரித்தெடுத்தார்கள். சாம்பாரிலிருந்து உப்பு வந்துவிட்டது!

செய்தியைக் கேட்டதும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், அதே மாதிரி வேலை செய்யும் கணினி நிரலில் எங்கள் கும்மிப் பதிவைப் போட்டுப் பார்த்தார். உறுமி அடங்கியது. பாட்டியார் குரல் மேலே வந்தது. ஆனால் தோலில் அடி பலமாக விழுந்த இடங்களில் சொல் கரைந்துபோயிருந்தது. ஓசை இருக்கிறது, எழுத்து இல்லை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருகிறார்கள். கேட்காத இடத்தில் புள்ளி வைக்கிறார்கள். பதினொரு பாட்டுகள் புள்ளியில்லாமல் முடிந்திருக்கின்றன. கங்காணியைக் கேலி செய்யும் பாட்டில் மட்டும் இன்னும் நான்கு வரி புள்ளியாகவே இருக்கிறது. ஜொகூருக்குப் போன மூதாட்டியாரின் பேரனுடைய தொலைபேசி எண் இப்போதுதான் கிடைத்தது. பள்ளி விடுமுறையில் போகிறோம். இம்முறை ஒலிவாங்கி இரண்டு, வழி இரண்டு, தடமும் இரண்டு.